பம்பு அறைக்கு இரண்டு பூட்டு

மெக்கானிக்: …இன்னும் கொஞ்சம் இடது பக்கம் காட்டுங்கக்கா டார்ச்சை. பம்புக்குப் பின்னாடி ஒண்ணுமே தெரியலை.

மூத்தவள்: இதுக்கு மேல நான் வரக் கூடாது தம்பி.

மெக்கானிக்: ஏன், சுவரா இருக்கு?

மூத்தவள்: கோடு இருக்கு. கீழ பாருங்க.

மெக்கானிக்: அட… சிவப்புப் பெயின்டு! போன வாரம் இல்லையே இது?

இளையவள்: நேத்துத்தான் அடிச்சேன் அண்ணே. கதவு திறந்திருந்த நேரமாப் பாத்து டப்பாவோட ஓடி வந்து அடிச்சிட்டேன். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரோட அண்ணன் இருக்கிற பெரிய வீடு, இந்தப் பக்கம் எங்க வீடு. அந்தம்மா கால் இந்தப் பக்கம் வந்துச்சு, நான் சும்மா இருக்க மாட்டேன்.

மூத்தவள்: யாரு காலை நீட்டினா? கையைத்தானே நீட்டச் சொல்றார். காத்தையும் ரெண்டாப் பிரிச்சாச்சான்னு அவகிட்ட கேளுங்க தம்பி.

மெக்கானிக்: மூணடி தூரத்துல நிக்கிறாங்க. நீங்களே கேக்கலாமே?

இளையவள்: எங்களுக்குள்ள பேச்சு கிடையாதுண்ணே.

மூத்தவள்: எட்டு மாசமா.

இளையவள்: ஒன்பது மாசம்னு சொல்லுங்கண்ணே அவங்ககிட்ட.

மூத்தவள்: பாத்தீங்களா, எண்ணிக்கிட்டே இருக்கா!

மெக்கானிக்: சரி, சரி… டார்ச்சை எங்கிட்டயே குடுங்க. இதென்ன, மெஷின் மேலயும் கோடு போகுது?

இளையவள்: பம்பு நடுவுல உட்கார்ந்திருக்கு. கோடு நேராப் போகணும்ல?

மெக்கானிக்: நல்லவேளை, நான் குனிஞ்சிருக்கும்போது அடிக்கலை.

மூத்தவள்: தம்பி… அந்தப் பேப்பரை வெச்சிருக்கீங்களா?

மெக்கானிக்: எந்தப் பேப்பர்?

மூத்தவள்: அதான், காலைல எங்க வீட்டுக்காரர் குடுத்தாராமே. ரெண்டு வீட்டுக்கு ஒரு ஆழ்துளைப் போர் போதாது, இன்னொண்ணு போடணும்னு நீங்க கையெழுத்துப் போட்டுத் தர்றது.

மெக்கானிக்: பையில இருக்கு. மத்தியானத்துக்குள்ள கேட்டாங்க. ரிக் வண்டி அடுத்த தெருவுல நிக்குது. பேப்பர் கைக்குப் போச்சுன்னா நாளைக்குக் காலைல சின்னவர் பக்கம் துளை போட ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறம் இந்த ரூமுக்கு நடுவுல செங்கல் வெச்சு அடைச்சிடுவாங்க. அவங்கவங்க பம்பு அவங்கவங்களுக்கு.

மூத்தவள்: நாளைக்கேவா…

இளையவள்: போடட்டும்! நல்லாப் போடட்டும்! அப்பதான் நிம்மதி!

மெக்கானிக்: ஏம்மா இப்படிக் கத்தறீங்க? நான் பக்கத்துலதானே இருக்கேன்.

இளையவள்: இல்ல… வந்து… குளிருதுண்ணே. குளிர்ல சத்தம் தானா வருது.

மெக்கானிக்: குளிராம என்ன செய்யும்? வீட்டைச் சூடாக்கற பம்பு நேத்து சாயங்காலத்துலேருந்து நின்னு கிடக்கு. பேசும்போது வாயிலேருந்து புகையா வருது பாருங்க. ஒரு இடத்துல நில்லுங்கக்கா. நீங்க நடக்கறதப் பாத்து எனக்குத் தலை சுத்துது.

மூத்தவள்: என்னால நிக்க முடியலையே. தம்பி, நிஜமாவே ஒரு போர் போதாதா? உங்களுக்குத் தெரியும்ல?

மெக்கானிக்: போதாதுன்னு யாரு சொன்னா? நூத்தம்பது மீட்டர் ஆழம். குழாய்ல தண்ணி கீழ போய், மண்ணுல இருக்கிற வெதுவெதுப்பை வாங்கிட்டு மேல வருது. இந்த மெஷின் அதைப் பிழிஞ்சு பெரிய சூடாக்கி வீட்டுக்குத் தருது. வெயில் காலத்துல தலைகீழ்… வீட்டுச் சூட்டைக் கொண்டுபோய் மண்ணுக்குள்ள விட்டுட்டு வரும். மேல வீட்டை ரெண்டாப் பிரிச்சுச் சுவர் கட்டினது மண்ணுக்குத் தெரியவா போகுது? வீடு ஒரு அடிகூட வளரலை. சுவர் ஒண்ணுதான் வளர்ந்திருக்கு.

மூத்தவள்: அப்ப அதையே எழுதிக் குடுத்துடுங்களேன்!

மெக்கானிக்: எப்படி எழுதறது? மூணு மாசத்துல ஒன்பது தடவை நின்னிருக்கு. ஏன் நின்னுச்சுன்னு ஒரு காரணம் சொல்லணுமே. காரணம் சொல்ல முடியலைன்னா, போர் போதலைன்னுதான் எழுதியாகணும்.

இளையவள்: காரணம் நான் சொல்றேன். பெரிய வீட்டுல தெர்மோஸ்டாட்டை எடுத்த எடுப்புல இருபத்தஞ்சுல வெச்சிடறாங்க. மண்ணுல இருக்கிற சூட்டையெல்லாம் உறிஞ்சிடறாங்க.

மூத்தவள்: தெர்மோஸ்டாட்டைப் பத்தி இவ பேசறாளா? அதை நீங்க கேக்கணும் தம்பி. சுவர் வர்றதுக்கு முன்னாடி மொத்த வீட்டுக்கும் ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. கையில எடுத்துட்டுப் போற மாதிரி, ஒயர் இல்லாதது. என் கொழுந்தனுக்கு எப்பவும் புழுக்கம். என் வீட்டுக்காரருக்கு எப்பவும் நடுக்கம். இவர் ஏத்துவார், அவர் இறக்குவார். ஒருநாள் கொழுந்தன் என்ன பண்ணினார் தெரியுமா? அதை எடுத்துத் தன் சட்டைப் பையில போட்டுக்கிட்டு வீடெல்லாம் சுத்த ஆரம்பிச்சிட்டார்.

மெக்கானிக்: ஐயையோ. அப்ப அது அவரோட உடம்புச் சூட்டையில்ல காட்டும்?

மூத்தவள்: ஆமா! வீடு முப்பத்திரண்டு டிகிரின்னு மெஷின் நெனச்சிடுச்சு. வெளிய தரையெல்லாம் உறைஞ்சு கிடக்கு, இங்க உள்ள ஜில்லுனு காத்து வருது. என் வீட்டுக்காரர் கம்பளியைச் சுத்திக்கிட்டு மெஷினைத் திட்டறார், கம்பெனியைத் திட்டறார். ரெண்டு நாள்! மூணாவது நாள் கொழுந்தனோட சட்டைப் பைக்குள்ள அதோட திரை பளிச்சுனு எரியுது.

இளையவள்: உடனே என்ன சொன்னாங்கன்னு கேளுங்க. "என்னை உயிரோட ஐஸ்ல வைக்கப் பாக்கறான்"னு தெருவுக்கே கேக்கற மாதிரி…

மூத்தவள்: பின்ன சொல்ல மாட்டாரா?

இளையவள்: அவர் விளையாட்டுக்குப் பண்ணினது!

மூத்தவள்: ரெண்டு நாளா விளையாடுவாங்க?

மெக்கானிக்: போதும், போதும்! இதுக்குத்தான் சுவரா?

மூத்தவள்: அது சாக்கு தம்பி. அதுக்கு முன்னாடி ஆயிரம் இருந்துச்சு. யாரு முதல்ல கார் எடுக்கறது, யாரு எந்த அறை… ஆனா வாயைத் திறந்தது அன்னிக்குத்தான். அடுத்த மாசமே கொத்தனார் வந்துட்டார்.

மெக்கானிக்: ம்… கொஞ்சம் இருங்க. இந்தா பாருங்க, இந்த வால்வு. மண்ணுக்குள்ளேருந்து தண்ணி வர்ற குழாய் இது. கைப்பிடி குழாயோட நேரா இருக்கணும். இது குறுக்கால நிக்குது. முக்கால்வாசி மூடியிருக்கு.

மூத்தவள்: ஓ.

இளையவள்: ஓகோ.

மெக்கானிக்: தண்ணி வராம மெஷின் என்ன பண்ணும்? மூச்சு முட்டி நின்னுடுச்சு. இது தானா திரும்பாது. யாரோ கையால திருப்பியிருக்காங்க.

இளையவள்: வேற யாரு? அந்தப் பக்கத்துக்காரங்கதான்! எங்களைக் குளிர்ல போடணும்னு!

மூத்தவள்: அடிப்பாவி! என் பக்கமும்தானே நின்னு போச்சு? தம்பி, இவதான். பெயின்டு டப்பாவோட ஓடி வந்தாளே, அப்பத் திருப்பியிருப்பா!

மெக்கானிக்: அதுக்கு முன்னாடியே பம்பு நின்னுடுச்சே. நின்னதாலதானே கதவையே திறந்தாங்க?

மூத்தவள்: அப்ப… முந்தாநாள் வந்திருப்பா.

இளையவள்: நீங்கதான் வந்தீங்க!

மூத்தவள்: நீ வந்த!

மெக்கானிக்: அட, நேராவே பேச ஆரம்பிச்சிட்டீங்களே.

மூத்தவள்: கோவத்துல வந்துடுச்சு.

மெக்கானிக்: நல்லது. கதவுல எத்தனை பூட்டு?

மூத்தவள்: உங்களுக்குத்தான் தெரியுமே. ரெண்டு. ஒரு சாவி எங்க வீட்டுக்காரர்கிட்ட, ஒரு சாவி கொழுந்தன்கிட்ட. ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் உள்ள போகக் கூடாதுன்னு எழுதியே வெச்சிருக்காங்க. இன்னிக்கு ரெண்டு பேருக்கும் வேலை இருக்குன்னு எங்க கையில குடுத்து அனுப்பினாங்க.

மெக்கானிக்: இந்த ரூமுக்கு சன்னல்?

மூத்தவள்: பூனைகூட நுழையாது.

மெக்கானிக்: அப்ப, நீங்க தனியா வந்து திருப்பியிருக்க முடியாது. தங்கச்சியும் தனியா வந்திருக்க முடியாது. ரெண்டு சாவியும் சேர்ந்து வந்தாத்தான் கதவு திறக்கும். நான் சொல்றது சரிதானே?

இளையவள்: அக்கா…

மூத்தவள்: வாயை மூடு.

இளையவள்: அவருக்குத் தெரிஞ்சுபோச்சு அக்கா.

மூத்தவள்: நீ "அக்கா"ன்னு கூப்பிட்ட பாரு, இப்பத்தான்டி தெரிஞ்சுபோச்சு!

மெக்கானிக்: போன மாசமும் இதே வால்வு இப்படித்தான் இருந்துச்சு. நழுவியிருக்கும்னு நானே சமாதானம் பண்ணிக்கிட்டேன். ஏன்க்கா இப்படி?

மூத்தவள்: கதவைச் சாத்துங்க தம்பி. யாராவது கேட்டா மானம் போயிடும்.

மெக்கானிக்: சாத்தியாச்சு. சொல்லுங்க.

மூத்தவள்: முதல் தடவை இது நின்னப்ப நீங்க வந்தீங்கள்ல?

மெக்கானிக்: ஆமா, ஃபில்டர்ல அழுக்கு அடைச்சிருந்தது.

மூத்தவள்: நீங்க வர நாப்பது நிமிஷம் ஆச்சு. அது வரைக்கும் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் இந்த ரூம்ல. ஒரு சத்தம் இல்ல. எனக்குப் பயமா இருந்துச்சு. அடிச்சிக்கிட்டாங்களோன்னு அந்தச் சின்னச் சன்னல்ல வந்து காதை வெச்சேன். அப்ப என் வீட்டுக்காரர் சிரிக்கறார் தம்பி. சுவர் கட்டினதுக்கு அப்புறம் அவர் சிரிச்சு நான் கேக்கவே இல்ல. வீட்டுல எங்கிட்ட பேசறதே, சாப்பாடு ஆச்சா, துணி காஞ்சுதா, அவ்வளவுதான்.

இளையவள்: நானும் அதே சன்னலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்தேன். தலையைத் திருப்பினா அக்கா. மூக்கும் மூக்கும் இடிச்சுது.

மூத்தவள்: இவ அழறா.

இளையவள்: நீங்கதான் அழுதீங்க.

மூத்தவள்: சரி, ரெண்டு பேரும்தான். நீங்க வந்து சரி பண்ணிட்டுப் போனதும் அவங்க மறுபடியும் முறைச்சுக்கிட்டு ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்க. அன்னிக்கே முடிவு பண்ணினோம். இது நின்னாத்தானே அவங்க சேர்ந்து நிக்கறாங்க? அப்ப நிக்கட்டும்.

இளையவள்: அவங்க குளிக்கப் போற நேரம் சாவியை எடுத்துக்கிட்டு வருவோம். அக்கா பிடிச்சுத் திருப்புவாங்க, நான் வாசலைப் பாப்பேன்.

மெக்கானிக்: அப்புறம் எதுக்கு இந்தச் சண்டை, கோடு, பேச்சு இல்லங்கறது?

மூத்தவள்: அவங்க சேராம நாங்க மட்டும் சேர்ந்துட்டோம்னு தெரிஞ்சா விடுவாங்களா? "உனக்கு நான் முக்கியமா, அந்த வீடு முக்கியமா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. அதான் பகல்ல நல்லாத் திட்டிக்குவோம். துணி காயப் போடும்போது ஒரு சண்டை. குப்பை வைக்கும்போது ஒரு சண்டை.

இளையவள்: என்ன திட்டணும்னு முதல் நாளே பேசி வெச்சுக்குவோம்.

மூத்தவள்: ஆனா கோடு பேசி வெச்சதுல இல்ல! இவளாச் சேர்த்தது. உனக்கு யாருடி சொன்னா?

இளையவள்: நம்பற மாதிரி இருக்கட்டும்னு பண்ணினேன்…

மூத்தவள்: நல்லா நம்பினாங்க! ராத்திரியே போருக்கு ஆள் பேசிட்டாங்க. தம்பி, கும்பிட்டுக் கேக்கறேன். இந்த ரூமை அடைச்சாங்கன்னா அவங்க ரெண்டு பேரும் நேருக்கு நேர் நிக்கிறதுக்கு இந்த உலகத்துல வேற இடமே இல்ல. எங்களுக்கும் இல்ல. கையெழுத்துப் போடாதீங்க.

மெக்கானிக்: அக்கா, நீங்க கேக்கறது எனக்குப் புரியுது. ஆனா இப்படி மூடி மூடித் திறந்தா உள்ள தண்ணி உறைஞ்சு மெஷினே வெடிச்சிடும். தெரியுமா உங்களுக்கு?

மூத்தவள்: இனிமே தொட மாட்டோம். சத்தியமா.

இளையவள்: தொட மாட்டோம்னா அவங்க எப்படிக்கா சேருவாங்க?

மூத்தவள்: நீ சும்மா இரு. முதல்ல ரூம் நிக்கட்டும்.

மெக்கானிக்: மொத்தம் எத்தனை தடவை திருப்பினீங்க?

இளையவள்: மூணு.

மெக்கானிக்: உண்மையைச் சொல்லுங்க.

மூத்தவள்: மூணுதான் தம்பி. மாசத்துக்கு ஒண்ணு. அதுக்கு மேல எங்களுக்குத் தைரியம் ஏது?

மெக்கானிக்: மெஷின் ஒன்பதுன்னு சொல்லுது. இதோ, இந்தத் திரையில வரிசையா இருக்கு பாருங்க. ஒண்ணு ஃபில்டர். மூணு, "தண்ணி ஓட்டம் குறைவு"… அது உங்களோடது. இன்னும் அஞ்சு இருக்கு. "கரண்ட் துண்டிப்பு".

மூத்தவள்: கரண்ட் எங்க போச்சு? தெருவுல போகவே இல்லையே.

மெக்கானிக்: தெருவுல போகலை. வெளிய கேட்டுப் பக்கத்துல மீட்டர் பெட்டி இருக்குல்ல, அதுல பம்புக்குன்னு ஒரு சுவிட்ச். அதை அணைச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சுப் போட்டிருக்காங்க. அதுக்கு அப்புறம் உள்ள வந்து பட்டனை அழுத்தாம பம்பு ஓடாது.

மூத்தவள்: ஏண்டி…

இளையவள்: நான் இல்லக்கா!

மூத்தவள்: எங்கிட்ட சொல்லாம நீயாப் பண்ணினியா? அஞ்சு தடவை?

இளையவள்: எனக்கு அந்த சுவிட்ச் எதுன்னே தெரியாது. நீங்கதான் அந்தப் பெட்டியைத் துடைப்பீங்க!

மூத்தவள்: நான் உன்னை நம்பி ஒவ்வொரு தடவையும் அந்த வால்வைத் திருப்பறேன். நீ என்னடான்னா என் முதுகுக்குப் பின்னாடி தனிக் கடை போட்டிருக்க!

இளையவள்: என்னைப் பாத்து இப்படிக் கேக்கறீங்களேக்கா… இத்தனை நாள் நடிச்ச சண்டையில ஒண்ணுகூட இப்படி வலிக்கலை.

மெக்கானிக்: அடடா, நிறுத்துங்க! என்னிக்குன்னு பாக்க வேணாமா? அஞ்சும் சனிக்கிழமை. அஞ்சும் காலைல பத்து, பத்தேகால்.

மூத்தவள்: சனிக்கிழமை பத்து மணிக்கா? அப்ப நாங்க வீட்டுலயே இருக்க மாட்டோமே.

இளையவள்: கடைக்குப் போயிடுவோம். நான் முன் வாசல் வழியா, அக்கா பின் வாசல் வழியா. தெரு முனையில போய் ஒண்ணு சேர்ந்துக்குவோம். மத்தியானமாகும் வர.

மெக்கானிக்: அப்ப வீட்டுல யாரு இருப்பா?

மூத்தவள்: யாரு… அவர் இருப்பார். அந்தப் பக்கம் கொழுந்தன் இருப்பார்.

இளையவள்: அக்கா.

மூத்தவள்: இருடி. தம்பி, யாரு அணைக்கறது? எங்க வீட்டுக்காரரா?

மெக்கானிக்: சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்.

மூத்தவள்: யாருக்கு?

மெக்கானிக்: ரெண்டு பேருக்கும்.

இளையவள்: ரெண்டு பேருக்குமா!

மெக்கானிக்: பெரியவர் அணைப்பார். சின்னவர் வாசல் கேட்டுப் பக்கத்துல நின்னு, நீங்க திரும்பி வர்றீங்களான்னு பாப்பார். அப்புறம் எனக்கு போன். ரீசெட் பட்டன் எதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். என்னைக் கூப்பிடறது, கேட்டா சொல்றதுக்கு ஒரு சாக்கு வேணுமே, அதுக்கு. நான் வந்து பாத்தா பம்பு மேல சீட்டுக் கட்டு விரிச்சிருக்கும். பெரியவர் கம்பளி போத்திக்கிட்டு, சின்னவர் பனியனோட.

மூத்தவள்: கடவுளே… எத்தனை நாளா?

மெக்கானிக்: அந்த ஃபில்டர் அடைச்ச நாள்லேருந்தே. அன்னிக்கே சமாதானம் ஆயிடுச்சு அவங்களுக்கு.

இளையவள்: அன்னிக்கேவா! அப்புறம் ஏன் முறைச்சுக்கிட்டுப் போனாங்க?

மெக்கானிக்: வீட்டுல ரெண்டு பேரும் துணிக்கயித்துக்குக் கீழ நின்னு அந்த வாங்கு வாங்கிக்கிட்டு இருந்தா? "நாங்க பேசறது தெரிஞ்சா இவங்க எங்களைச் சும்மா விட மாட்டாங்க"ன்னு பயம். நான் எவ்வளவோ சொன்னேன். கேக்கலை.

மூத்தவள்: எங்களைப் பாத்தா? எங்களுக்குப் பயந்தா?

மெக்கானிக்: நேத்து இந்தச் சிவப்புக் கோட்டைப் பாத்ததும் பெரியவருக்கு மனசு விட்டுப் போச்சு. "பொம்பளைங்களுக்கு ஒரே குழாய்ல வர்ற சூடுகூட ஆகலை, இனி பிடிச்சு வெச்சா யாராவது காலை ஒடிச்சுக்குவாங்க, தனித்தனியாவே குடுத்துடலாம்"னார். காலைல அவர் என் கையில பேப்பரைக் குடுக்கும்போது சின்னவர் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

இளையவள்: நான் அடிச்ச கோடு…

மூத்தவள்: அழாதடி. இப்ப ஆபீஸுக்கு போன் போடு. நானும் போடறேன். தம்பி, அந்தப் பேப்பரைக் கிழிங்க முதல்ல!

மெக்கானிக்: போன் எதுக்குக்கா? "உள்ள போனா நடுவுல மாட்டிக்குவோம், அவங்க சண்டை ஓஞ்சதும் வந்து சொல்லு"ன்னு, காலைலேருந்து ரெண்டு பேரும் என் வேன்லதான் உட்கார்ந்திருக்காங்க.